முகவரி எப்போது வந்தது

ஒரு சர்வருக்கு மின்சாரம் வந்த கணத்துக்கும், அது பக்கத்து இயந்திரங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே உள்ள நேரம் மிகச் சிறியது. எங்களிடம் உள்ள சர்வர்களில் அது இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டாது. அதிலும் பாதிக்கு மேல் மதர்போர்டு தன் நினைவகத்தையும் வட்டுகளையும் சரிபார்ப்பதிலேயே போய்விடும். மீதமிருக்கும் விநாடிகளில் லினக்ஸ் கர்னல் எழுந்து நெட்வொர்க் கார்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். நாம் கோப்பில் எழுதிவைத்த ஐபி முகவரியை ஒரு நிரல் படித்து அந்தப் பெயரின்மேல் ஏற்ற வேண்டும். வெளியே போகும் வாசலான கேட்வேயைப் பதிய வேண்டும். டேட்டாபேஸ் முதலான சேவைகள் அதற்குப் பிறகே எழ வேண்டும். இந்த வரிசை எங்கே பிசகினாலும், காலையில் கடை திறக்கும்போது எந்தக் கவுன்டரிலும் பில் போட முடியாது. அந்தச் சில விநாடிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு, திருச்சியில் மொத்த மருந்து விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பழைய ஸ்டோர் ரூமைக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்ததுதான் சர்வர் அறை. ஒரே ஒரு ரேக், ஒரு ஏசி, மூலையில் யூபிஎஸ். முழுப் பொறுப்பும் ஒரு பெண்மணியிடம் இருந்தது. எல்லாரும் அவரை மேடம் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். லினக்ஸ் கர்னல் 2.4 வெளிவந்த 2001ஆம் ஆண்டிலிருந்து சர்வர்களோடு வாழ்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் கேள்வியாக இருக்கும்.

"நெட்வொர்க் செத்துப்போன சர்வருக்குள்ள நெட்வொர்க் வழியா போக முடியுமா தம்பி?"

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. முடியாது என்றேன். அப்படியானால் கன்சோலில் உட்கார்ந்து பழகு என்றார். என் மேசையிலிருந்தபடி தொலைவழியாகச் சர்வருக்குள் நுழைய அவர் அனுமதிக்கவில்லை. ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதில் டெபியன் ஏற்றி, மானிட்டரையும் கீபோர்டையும் நேரடியாகச் செருகிக் கொடுத்தார். காலையில் நான் வருவதற்குள் அதில் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைத்திருப்பார். என்ன கெட்டிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை எதையும் மாற்றக்கூடாது. "கை வைக்கிறதுக்கு முன்னாடி வாயால சொல்லு" என்பதுதான் அந்த அறையின் சட்டம்.

என் கை முதலில் போனது ரீபூட்டுக்குத்தான். கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் எங்கள் மருந்து. மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ரீபூட் ஆகி முடியும்வரை காத்திருந்துவிட்டு, "போன தடவ எழுந்தப்ப என்ன சொல்லுச்சுன்னு காட்டு" என்றார். காட்ட முடியவில்லை. சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் பதிவு அந்த இயந்திரத்தில் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. ரீபூட் ஆனதும் அழிந்துவிட்டது. டெபியன் 11 வந்த 2021க்குப் பிறகுதான் ஜர்னலை வட்டில் நிலையாக வைப்பது இயல்பான அமைப்பாயிற்று. அதற்கு முந்தைய இயந்திரங்களில் அதற்கான அடைவை நாமே உருவாக்க வேண்டும். அன்றைக்கு நான் செய்த முதல் உருப்படியான வேலை அந்த அடைவை உருவாக்கியதுதான்.

பிறகு கேபிள். இதில் கற்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு துளைக்குள் போய் அமரும்போது விரல் நுனியில் ஒரு சின்ன உதறல் தெரியும். காதுக்குக் கேட்பதற்கு முன் விரலுக்குத் தெரியும். நாக்கு உடைந்த கேபிளில் அந்த உதறல் இருக்காது. விளக்கு எரியும், ரேக்கின் கதவைச் சாத்தும்போது அணையும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கேபிளாகச் செருகிப் பார்க்கச் சொன்னார். எது சரியாக அமர்ந்தது, எது அமரவில்லை என்று விரலை வைத்தே சொல்லும்வரை அடுத்த பாடம் இல்லை.

விரல் சொன்னதைத் திரையில் படிப்பது அடுத்தது. ஐபி லிங்க் என்று தட்டினால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி வரும். அதில் கோண அடைப்புக்குள் சில சொற்கள் இருக்கும்: அப், லோயர்-அப், சில நேரம் நோ-கேரியர். அப் என்று இருந்தாலே எல்லாம் சரி என்று வெகுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் கேபிளைப் பாதி உருவி வைத்துவிட்டு, திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். அப் இருக்கிறது மேடம் என்பேன். பேசாமல் நிற்பார். அப் என்பது நாம் அந்தக் கார்டுக்குப் பிறப்பித்த கட்டளை. லோயர்-அப் என்பது கம்பி மறுமுனையிலிருந்து கொண்டுவந்த பதில். நாம் சொன்னதும் கம்பி சொன்னதும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இது எனக்குப் புரிந்த அன்று மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கேபிளை விட்டுவிட்டு, கோப்புகளைக் கெடுக்க ஆரம்பித்தார்.

டெபியனில் நிலையான முகவரியை எழுதும் கோப்பு எட்சி அடைவுக்குள் நெட்வொர்க் என்ற உள்ளடைவில் இருக்கும், பெயர் இன்டர்ஃபேசஸ். நாலைந்து வரிகள்தான்: கார்டின் பெயர், முகவரி, நெட்மாஸ்க், கேட்வே. அந்தக் கார்டின் பெயரே ஒரு பெரும் பாடம் என்று எனக்கு அப்போது தெரியாது. பழைய புத்தகங்களில் எல்லாம் ஈத்0 என்றே படித்திருந்தேன். இரண்டு கார்டு உள்ள இயந்திரத்தில் எந்த டிரைவர் முந்தி எழுகிறதோ அதற்கு ஈத்0, பிந்தியதற்கு ஈத்1. அடுத்த பூட்டில் இரண்டும் இடம் மாறினாலும் மாறலாம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2013இல் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பிலிருந்து, கார்டு எங்கே அமர்ந்திருக்கிறதோ அந்த இடத்தைக் கொண்டே பெயர் வைக்கும் முறை வந்தது. ஈஎன்ஓ1 என்றால் மதர்போர்டிலேயே உள்ள முதல் கார்டு. ஈஎன்பி3எஸ்0 என்றால் பிசிஐ பஸ் எண் 3, ஸ்லாட் எண் 0.

இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். மேடம் கேட்டுவிட்டு, மூடியைத் திறந்து மேல் ஸ்லாட்டில் இன்னொரு கார்டைச் செருகச் சொன்னார். உலோக விளிம்பு உள்ளங்கையில் அழுந்த, கார்டு இறங்கி அமர்ந்தது. பூட் செய்தேன். நெட்வொர்க் இல்லை. புதுக் கார்டைத்தானே சேர்த்தோம், பழையது ஏன் போயிற்று என்று அன்று முழுக்கத் தேடினேன். கேபிள் சரி, விளக்கு சரி, கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது பஸ் எண். புதுக் கார்டு நடுவில் புகுந்ததால் பழைய கார்டு எண் 4க்குத் தள்ளப்பட்டு ஈஎன்பி4எஸ்0 ஆகியிருந்தது. கோப்போ இன்னும் ஈஎன்பி3எஸ்0வைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கருவியே இல்லை என்று ஜர்னலில் தெளிவாக எழுதியிருந்தது. நான் கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேனே தவிர, கர்னல் இன்று என்ன பெயர் வைத்திருக்கிறது என்று கேட்கவில்லை.

அதற்கு மேடம் காட்டிய தீர்வை இன்றும் எல்லாச் சர்வரிலும் செய்கிறேன். கார்டின் மேக் முகவரியைக் குறிப்பிட்டு, அதற்கு லேன்0 என்று நாமே பெயர் கொடுக்கும் ஒரு சிறு லிங்க் கோப்பு. கார்டு எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பெயர் கூடவே போகும். கார்டையே மாற்றினால் மேக் முகவரியும் மாறிவிடும் என்பதால், அந்த எண்ணை ஸ்டிக்கரில் எழுதிச் சர்வரின் முதுகில் ஒட்டவும் வைத்தார்.

நெட்மாஸ்க் பாடம் இன்னும் கடுமையானது. ஒருநாள் இயந்திரம் எழும்போது திரையில் சிவப்பெழுத்தில் ஒரு வரி ஓடியது. படிப்பதற்குள் மேலே போய்விட்டது. ஐபி அட்ரஸ் கட்டளையைத் தட்டினேன், 192.168.10.20 சரியாக உட்கார்ந்திருந்தது. 45இல் இருந்த என் லேப்டாப்புக்குப் பிங் போயிற்று, பதில் வந்தது. நெட்வொர்க் நன்றாக இருக்கிறது மேடம் என்றேன். "130ல இருக்கிற கவுன்டருக்குப் போ" என்றார். போகவில்லை. இணையமும் போகவில்லை. ஒருவருக்குப் போகிறது, இன்னொருவருக்குப் போகவில்லை என்றதும் சுவிட்ச்மேல் சந்தேகம் வந்தது. போர்ட்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், அந்தக் கவுன்டர் கம்ப்யூட்டரையே குடைந்தேன். மதியம் சாப்பிடப் போகாமல் தேடினேன்.

கோப்பில் நெட்மாஸ்க் 255.255.255.0 என்பதற்குப் பதிலாக 255.255.255.128 என்று இருந்தது. அந்த மாஸ்கோடு 20 என்ற முகவரியில் இருப்பவனுக்கு அக்கம்பக்கம் என்பது 127 வரைக்கும்தான். 130 வெளியூர். வெளியூருக்குப் போக வேண்டுமானால் கேட்வே வேண்டும். எங்கள் கேட்வேயோ 254. அதுவே வெளியூரில் இருப்பதால் கர்னல் அதை ஏற்க மறுத்துவிட்டது. நான் படிக்கத் தவறிய சிவப்பு வரி அதுதான். இதில் என்னை நடுங்கவைத்தது ஒன்று உண்டு. இந்த அமைப்பு முழுதாகத் தோற்கவில்லை. முகவரியை ஏற்றும் படி வென்றது, கேட்வேயைப் பதியும் படி தோற்றது, நிரல் அங்கேயே நின்றுவிட்டது. பாதி எழுந்த நெட்வொர்க், முழுதாக எழுந்த நெட்வொர்க்கின் முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து முகவரியைப் பார்த்ததும் விரல் தானாக ஐபி ரூட் என்று தட்டும். டிஃபால்ட் என்று தொடங்கும் வரி அங்கே இல்லையென்றால் முகவரி இருந்தும் பயனில்லை.

ஒருநாள் இரண்டாவது கார்டில் கேபிளே இல்லாமல், கோப்பில் அதற்கு டிஎச்சிபி என்று எழுதி வைத்திருந்தார். பூட் பாதியில் நின்றது. நெட்வொர்க் எழக் காத்திருக்கிறேன் என்ற வரியும், பக்கத்தில் 5 நிமிட எல்லையை நோக்கி ஏறும் எண்ணும், ஓரத்தில் இப்படியும் அப்படியும் ஓடும் சிவப்பு நட்சத்திரங்களும். சர்வர் தொங்கிவிட்டது என்று பவர் பட்டனுக்குக் கையை நீட்டினேன். "அது யாருக்காகக் காத்திருக்குன்னு எழுதியிருக்கே, படி" என்றார். வராத விருந்தாளிக்காக அது உண்மையாகவே காத்திருந்தது. எல்லை முடிந்ததும் மிச்ச வேலைகளைத் தொடர்ந்து தானே எழுந்தது.

இந்த நாட்களுக்கு நடுவே நிஜச் சர்வர் ஒன்று எங்களைச் சோதித்தது. பராமரிப்புக்காக அதை அணைத்து ஏற்றினோம். ஓராண்டுக்கு மேல் இடைவிடாமல் ஓடிய சர்வர். எழுந்த பிறகு எல்லாம் வேலை செய்தது, ஒரு கிளை மட்டும் வரவில்லை. அந்தக் கிளைக்குப் போகும் பாதை இன்னொரு ரவுட்டர் வழியாக இருந்தது. அந்தப் பாதையை எப்போதோ யாரோ ஐபி ரூட் ஆட் என்ற கட்டளையால் கையால் சேர்த்திருக்கிறார்கள், கோப்பில் எழுதவில்லை. ஓடும் கர்னலில் அது இருந்தது. அணைத்ததும் போயிற்று. எழுதியவர் யாரென்று மேடம் விசாரிக்கவே இல்லை. பாதையைக் கோப்பில் அதற்குரிய கார்டின் கீழே ஒரு வரியாக எழுதவைத்தார். பிறகு என்னிடம், எல்லாச் சர்வரிலும் இப்போது ஓடுவதையும் கோப்பில் உள்ளதையும் வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அந்த ஒப்பீட்டில் இன்னும் சில அனாதை வரிகள் கிடைத்தன. அதன்பின் வந்த வழக்கம்: நெட்வொர்க்கில் எதை மாற்றினாலும் அன்றிரவே, மாற்றியவர் முன்னாலேயே சர்வர் ஒருமுறை ரீபூட் ஆக வேண்டும். கடை வேலைக்கு இது இடைஞ்சல் என்று மேலிடத்தில் முணுமுணுப்பு இருந்தது. மேடம் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பிடித்த பிடி சரி என்பதே என் எண்ணம். ஓராண்டு கழித்து நள்ளிரவில் தெரியவேண்டிய பிழை, எல்லாருக்கும் நினைவிருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

உபுண்டுவில் ஓடிய மெய்நிகர் இயந்திரங்களில் வேறு வகைச் சிக்கல். 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பிலிருந்து அங்கே நெட்பிளான். யாமல் நடையில் எழுத வேண்டும். டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும். எத்தனை ஸ்பேஸ் தள்ளி எழுதுகிறோம் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது என்பதால், கட்டைவிரலுக்கு எண்ணத் தெரியவேண்டியிருந்தது. அந்த வேலை பிடித்தே போயிற்று. ஆனால் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை நகலெடுத்து, அதில் நான் அக்கறையாக எழுதிய முகவரி அடுத்த பூட்டில் காணாமல்போனது. மீண்டும் எழுதி, ரீபூட் செய்து, மீண்டும் இழந்தேன். "கோப்போட தலையப் படிச்சியா?" என்றார் மேடம். முதல் வரிகளிலேயே இருந்தது: இது கிளவுட்-இனிட் எழுதும் கோப்பு, இதில் செய்யும் மாற்றம் நிலைக்காது. நகலைப் புது இயந்திரம் என்று கருதிய கிளவுட்-இனிட், பூட்டின்போது தன் கணக்குப்படி அதை எழுதிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கைத் தொடாதே என்று அதற்குத் தனியே ஒரு சிறு கோப்பில் சொல்லி வைத்தபின் என் முகவரி நின்றது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் இதைப் படிப்பது யார், எழுதுவது யார் என்று முதலில் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அதே நெட்பிளானில் டிரை என்றொரு கட்டளை உண்டு. மாற்றத்தை ஏற்றிவிட்டு, 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அதைக் கற்றபிறகுதான் தொலைவழியாக நுழைய எனக்கு அனுமதி கிடைத்தது.

இனி எங்கள் டேட்டாபேஸ் சர்வரின் கதை. என் பயிற்சியிலேயே நான் அதிகம் திணறியது இதில்தான்.

மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் நெடுநேரம் போய், யூபிஎஸ் தீர்ந்து, விடிவதற்குள் எல்லாம் தானே எழுந்துவிட்டது. ஆனால் கவுன்டர்களில் பில் போட முடியவில்லை. சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது, கேட்டதைத் தருகிறது. வெளியிலிருந்து சர்வருக்குப் பிங் போகிறது. டேட்டாபேஸ் மட்டும் வெளியிலிருந்து கிடைக்கவில்லை. கடை திறந்தாக வேண்டும். மேடம் சேவையை ரீஸ்டார்ட் செய்தார், உடனே சரியாயிற்று. முடிந்தது என்று நினைத்தேன். "இப்பதான் ஆரம்பிக்குது. ஏன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு" என்றார்.

சொல்ல முடியவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரமே முடியவில்லை. ஃபயர்வால் விதிகளைப் பார்த்தேன், சரி. யார் யார் நுழையலாம் என்ற டேட்டாபேஸ் பட்டியலைப் பார்த்தேன், சரி. முகவரி, மாஸ்க், கேட்வே, கார்டின் பெயர், கேபிளின் நாக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். இரவில் அனுமதி வாங்கி ரீபூட் செய்தால் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது மேடம் என்று போய் நின்றேன்.

"இப்ப சரியா இருக்கு. அப்ப இருந்துச்சா?"

அந்தக் கேள்வியோடு ஜர்னலைத் திறந்தேன். இம்முறை கடிகார நேரத்தை விட்டுவிட்டு, கர்னல் எழுந்ததிலிருந்து எத்தனையாவது விநாடி என்று காட்டும் வடிவில் படித்தேன். 9ஆவது விநாடியில் போஸ்ட்கிரெஸ் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தது: வெளிக்கான ஐபி முகவரியில் காதை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு முகவரி இங்கே இல்லை. இரண்டு இடங்களில் கேட்கும்படி அதற்குச் சொல்லியிருந்தோம், தனக்குள்ளான 127.0.0.1, வெளிக்கான அந்த முகவரி. இரண்டில் ஒன்று கிடைத்தாலும் அது எழுந்துவிடும். அப்படியே எழுந்திருந்தது. கார்டின்மேல் முகவரி ஏறி முடிந்தது 11ஆவது விநாடியில். நாங்கள் வந்து பார்க்கும்போது முகவரி இருந்தது; டேட்டாபேஸ் தேடியபோது இல்லை. வெறும் இரண்டு விநாடி. அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை கோப்புகளைச் சரி, தவறு என்று மட்டுமே பார்த்துவந்தவனுக்கு, முன், பின் என்று ஒரு கண் திறந்தது அப்போதுதான்.

ஆனால் இத்தனை நாள் ஏன் வரவில்லை? நோட்டைப் புரட்டினோம். சில மாதங்களுக்கு முன் அந்தச் சர்வரின் சுழலும் வட்டுகளை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தோம். டேட்டாபேஸ் வேகமாக எழக் கற்றுக்கொண்டது. நெட்வொர்க் கார்டின் டிரைவர் எழுந்து தயாராக எடுக்கும் நேரமோ மாறவில்லை. முன்பு தற்செயலாகப் பொருந்தியிருந்த வரிசை, ஒன்று வேகமானதும் குலைந்தது.

வரிசை குலைய இடம் கொடுத்தது எது என்று தேடியபோது, இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஒரு சொல் கிடைத்தது: அலவ்-ஹாட்பிளக். டெபியனை நிறுவும்போது அது தானாக எழுதிவைக்கும் சொல். கார்டு எப்போது தென்படுகிறதோ அப்போது எழுப்பு, அதுவரை யாரும் காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பொருள். கேபிளைக் கழற்றிக் கழற்றிச் செருகும் லேப்டாப்புக்கு நல்லது. அதன் இடத்தில் ஆட்டோ என்று எழுதினால், பூட்டின்போது நெட்வொர்க் சேவையே அந்தக் கார்டை எழுப்பி முடித்துவிட்டுத்தான் நகரும்.

ஆட்டோ என்று மாற்றியதோடு மேடம் விடவில்லை. போஸ்ட்கிரெஸ் யாருக்குப் பிறகு எழ வேண்டும் என்று எழுதியிருக்கிறது, பார் என்றார். நெட்வொர்க் டார்கெட்டுக்குப் பிறகு என்று இருந்தது. அப்படியானால் நெட்வொர்க் வந்த பிறகுதானே எழுந்திருக்கிறது என்று குழம்பினேன். அவர் சிரித்தார். "கல்யாண மண்டபத்துக்குச் சமையக்காரர் வந்துட்டாருன்னா, பந்தி போட்டுடலாமா?" நெட்வொர்க் டார்கெட் என்பது நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல் கிளம்பிவிட்டது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. முகவரி ஏறிவிட்டது என்ற அறிவிப்புக்கு நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் என்று வேறொன்று இருக்கிறது. டேட்டாபேஸ் அதற்காகக் காத்திருக்கும்படி, தொகுப்போடு வந்த கோப்பைத் தொடாமல், சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாகத் தனி இணைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதினோம். வந்த கோப்பிலேயே எழுதினால் அடுத்த மேம்படுத்தலில் போய்விடும்.

குறுக்கு வழிகளும் இருந்தன. எல்லா முகவரியிலும் கேள் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. ஆனால் அந்தச் சர்வர் இன்னொரு நெட்வொர்க்கிலும் கால் வைத்திருந்தது, அங்கே டேட்டாபேஸ் தெரியக்கூடாது. இல்லாத முகவரியிலும் காதை வைக்க அனுமதிக்கும் கர்னல் அமைப்பு ஒன்றும் உண்டு. ஜோடிச் சர்வர்களில் அதற்கு நியாயமான தேவை இருக்கிறது. இங்கே அதைப் போட்டால் அடுத்த பிழை எங்களுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்று மேடம் மறுத்தார்.

டேட்டாபேஸ் தீர்ந்தது. அதே சர்வரில் பூட்டின்போது ஒரேயொரு முறை ஓடி, இன்னொரு இயந்திரத்திலிருந்து விலைப்பட்டியலை இழுத்துவரும் ஒரு சிறு நிரல் மட்டும் தொடர்ந்து தோற்றது. நெட்வொர்க்-ஆன்லைனுக்குப் பிறகு ஓடும்படியும் வைத்தாயிற்று. ஜர்னலில் முகவரி முன்னால், நிரல் பின்னால், வரிசை சரி. ஆனாலும் எதிர்முனை பதில் தரவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என்னைச் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தி, சர்வரை ரீபூட் செய்யப் போனார். போர்ட்டின் விளக்கு அணைந்தது, பிறகு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நான் மணிக்கட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் கழித்துத்தான் பச்சை.

அந்த அரை நிமிடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுவிட்சுகளைக் கேபிளால் இணைக்கும்போது வளையம் உருவாகிவிட்டால் ஒரே செய்தி முடிவில்லாமல் சுற்றும். அதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். அதன் பழைய வடிவில், புதிதாக உயிர்பெற்ற போர்ட் 15 விநாடி வெறுமனே கேட்கும், இன்னொரு 15 விநாடி யார் எங்கே இருக்கிறார்கள் என்று கற்கும். அதன் பிறகே செய்திகளைக் கடத்தும். சர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பி உயிரோடு இருக்கிறது, முகவரி ஏறியிருக்கிறது, ஆன்லைன் என்று சிஸ்டம்டி அறிவித்துவிட்டது. ஆனால் வாசலில் 30 விநாடிக்குக் கதவு திறக்காது. சர்வரின் எந்தக் கோப்பிலும் இது எழுதியிருக்காது. சர்வர் மட்டுமே செருகப்பட்ட அந்தப் போர்ட்டை விளிம்புப் போர்ட் என்று சுவிட்சில் குறித்ததும் ஆரஞ்சுக் காத்திருப்பு போயிற்று. விலைப்பட்டியல் நிரலையும், ஒரு முயற்சியோடு ஓய்ந்துவிடாமல் இடைவெளி விட்டு மீண்டும் முயலும்படி திருத்தி எழுதினேன். அதை மேடம் சொல்லிச் செய்யவில்லை. பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு" என்றார்.

சென்ற மாதம் யூபிஎஸ் பேட்டரிகளை மாற்ற முழு அறையையும் அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. வரிசையை நான் எழுதினேன்: முதலில் சுவிட்ச், போர்ட்கள் பச்சையான பின் சேமிப்புச் சர்வர், பிறகு டேட்டாபேஸ், கடைசியில் மற்றவை. மேடம் தாளை வாங்கிப் படித்து, கேட்வே ரவுட்டரைச் சுவிட்சுக்கு அடுத்த வரியில் சேர்த்துவிட்டு, அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லாம் எழுந்ததும் போய்ச் சொன்னேன். டேட்டாபேஸுக்கு முகவரி எத்தனையாவது விநாடியில் வந்தது என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

இப்போது எனக்கு ஐபிவி6 பாடம். அங்கே முகவரி கார்டின்மேல் ஏறியும் உடனே பயன்படாது. இதே முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, இயல்பாக ஒரு விநாடி பதிலுக்குக் காத்திருக்கும். அதுவரை அந்த முகவரிக்குப் பக்கத்தில் டென்டடிவ் என்ற சொல் நிற்கும். அந்த ஒரு விநாடிக்குள் ஏதாவது சேவை அதில் காதை வைக்க முயன்றால், போஸ்ட்கிரெஸ் எழுதிய அதே எச்சரிக்கை மீண்டும் வரும். பழைய கம்ப்யூட்டரில் அதை வேண்டுமென்றே வரவழைத்து, ஜர்னலில் எந்தெந்த வரிகளுக்கு நடுவே விழுகிறது என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை மேடத்திடம் காட்ட வேண்டும்.